மெட்டாலிகா பிளாக் ஆல்பத்த ஏன் தலைகீழா வாசிச்சாங்க? முழு ஆல்பம் ஷோ பத்தி ஒரு இழை

பழையகேசட்
நேத்து நைட்டு தூக்கம் வரல, 2012 டவுன்லோட் ஃபெஸ்டிவல் வீடியோ ஒண்ணு ஓட்டிட்டு இருந்தேன், இங்கிலாந்து டானிங்டன்ல மெட்டாலிகா (அமெரிக்க மெட்டல் பேண்டு) பிளாக் ஆல்பத்த முழுசா வாசிச்ச வருஷம். ஆல்பம் வந்தது 1991 ஆகஸ்ட்டு, அதோட இருபது வருஷத்த சாக்கா வச்சு அந்த வருஷம் மே மாசம் பிராக்ல ஆரம்பிச்சு யூரோப் பூரா இதே ஷோ. 12 பாட்டும் உண்டு, ஆனா கடைசி பாட்டுல ஆரம்பிச்சு முதல் பாட்டுல முடிக்கிறாங்க. தி ஸ்ட்ரகிள் விதின் முதல்ல, என்டர் சாண்ட்மேன் கடைசில. நாம எல்லாரும் அந்த ஆல்பத்த எத்தன தடவ கேட்டிருப்போம், சாண்ட்மேன் முடிஞ்சவுடனே மண்டைக்குள்ள சேட் பட் ட்ரூ தானா ஆரம்பிக்கும்ல? அந்த வரிசைய மாத்திட்டு "முழு ஆல்பம்"னு சொல்றது நியாயமா? எனக்கு இது கொஞ்சம் ஏமாத்து வேல மாதிரி படுது. எல்லாரும் சொல்லுங்க, சண்ட போட்டாலும் பரவால்ல.

சும்மாவந்தேன்
பாப்கார்ன் எடுத்துட்டு வந்து உக்காந்துட்டேன்

டவுன்பிக்கிங்_தம்பி
அண்ணே இதுல ஏமாத்து எங்க இருக்கு, நீங்க அந்த ஆல்பத்தோட பாட்டு லிஸ்ட்ட ஒரு தடவ பாருங்க. மொத்தம் அஞ்சு சிங்கிள் வந்துச்சு, சாண்ட்மேன், சேட் பட் ட்ரூ, அன்ஃபர்கிவன், வேர்எவர் ஐ மே ரோம், நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ். இதுல நாலு முதல் அஞ்சு பாட்டுக்குள்ளயே வந்துடுது. வரிசைப்படி வாசிச்சா முதல் அரை மணி நேரத்துல எல்லா வெடியும் வெடிச்சு முடிஞ்சிரும், அப்புறம் எட்டாவதா நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ், அதுக்கப்புறம் ஆஃப் உல்ஃப் அண்ட் மேன், தி காட் தட் ஃபெயில்ட், மை ஃப்ரெண்ட் ஆஃப் மிசரி, ஸ்ட்ரகிள் விதின். திறந்த மைதானம், எழுபது எம்பதாயிரம் பேரு, அதுல பாதி பேரு ரேடியோல கேட்ட பாட்டுக்கு வந்தவன், அவன் அந்த கடைசி நாலு பாட்டுக்கு பீர் வாங்கப் போயிருவான். திருப்பிப் போட்டதாலதான் நின்னு கேட்டான்.

பழையகேசட்
தம்பி பீர் வாங்கப் போறவனுக்காகவா ஷோ நடத்துறது?

டவுன்பிக்கிங்_தம்பி
ஆமாண்ணே, டிக்கெட் காசு அவன்தான் அதிகமா குடுத்தான் 😂

நிலா_பேஸ்
எனக்கு ரெண்டு பேர் சொல்றதும் பாதி பாதிதான் ஒத்துக்க முடியுது. ஆல்பத்தோட வரிசை வேற, மேடையோட வரிசை வேற. ஆல்பத்துல முதல் பாட்டு கேக்குறவன பிடிச்சு உள்ள இழுக்கணும், கடையில நின்னு ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு வாங்குறதா வேணாமான்னு முடிவு பண்ற காலம் அது. அதனால நல்லத எல்லாம் முன்னாடி அடுக்கினாங்க. மேடைல காசு குடுத்துட்டு வந்து நிக்கிறவன யாரும் இழுக்க வேணாம், அவன கடைசி வரைக்கும் நிக்க வைக்கணும், அவ்ளோதான். பிளாக் ஆல்பத்த ரெண்டும் ஒண்ணா சேராத ஆல்பம்னுதான் சொல்லுவேன்.

ஆனா எல்லா ஆல்பமும் அப்படி இல்ல. அவங்களோட 1986 ஆல்பம் மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் பாருங்க. 2006ல இருபதாவது வருஷத்துக்கு அத முழுசா வாசிச்சாங்க, எஸ்கேப் ஃப்ரம் தி ஸ்டூடியோன்னு பேரு வச்ச டூர், டெத் மேக்னெட்டிக்ங்கற புது ஆல்பம் வேலைக்கு நடுவுல ஸ்டூடியோவ விட்டு ஓடி வந்தோம்னு அர்த்தம். அதுல வரிசைய மாத்தவே இல்ல, பேட்டரில ஆரம்பிச்சு டேமேஜ் இங்க்ல முடிச்சாங்க. மாத்த வேண்டிய தேவையும் இல்ல, ரெண்டு பக்கமும் தீ, நடுவுல சானிடேரியம் கொஞ்சம் மூச்சு விட, ஏழாவதா பாட்டு வரியே இல்லாத ஓரியன். எல்பி ரெக்கார்டுல பக்கத்துக்கு நாலு பாட்டு, ஒவ்வொரு பக்கமும் தனியா ஒரு குட்டி கச்சேரி. அத அப்படியே தூக்கி மேடைல வச்சாலும் நிக்கும்.

மழைரத்தம்
ஓரியன் பத்தி பேச்சு வந்துருச்சுல்ல, சொல்லியே ஆகணும். 2006 ஜூன் 3, ஜெர்மனி, ராக் ஆம் ரிங். அதுக்கு முன்னாடி அந்த பாட்ட அந்த பேண்டு மேடைல முழுசா வாசிச்சதே கிடையாது. துண்டு துண்டா மெட்லில வரும், பேஸ் சோலோக்கு நடுவுல வரும், முழுசா கிடையாது. அவங்க பேஸிஸ்ட் கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பர்ல ஸ்வீடன்ல பஸ் விபத்துல போனதுக்கு அப்புறம் அந்த பாட்ட முழுசா தொடாம வச்சிருந்தாங்க, அவரோட இறுதிச் சடங்குல ஒலிக்க விட்ட பாட்டு அது. இருபது வருஷம் கழிச்சு இப்ப பேஸ் வாசிக்கிற ட்ருஹியோ கைல அந்த நடு பேஸ் பகுதி வந்தப்ப எனக்கு வீடியோல பாக்கும்போதே ஒரு மாதிரி ஆயிருச்சு. முழு ஆல்பம் வாசிக்கணும்னு ஒரு கட்டாயம் வந்ததாலதான் அது நடந்துச்சு, இல்லன்னா இன்னிக்கு வரைக்கும் தொட்டிருக்க மாட்டாங்க.

இரும்புக்கன்னி
மழ, ஒரு சின்ன விஷயம். ஓரியன மேடைல முதல்ல முழுசா வாசிச்சது மெட்டாலிகாவே இல்ல தெரியுமா. 2002ல ட்ரீம் தியேட்டர்ங்கற பேண்டு மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் ஆல்பத்த மொத்தமா மேடைல வாசிச்சாங்க, ஓரியனும் சேத்துத்தான். ஒரு ஊர்ல ரெண்டு நாள் ஷோன்னா ரெண்டாவது நாள் யாரோட ஆல்பத்தையாச்சும் முழுசா எடுத்துப் போடுவாங்க. அதே வருஷம் பாரிஸ்ல அயர்ன் மெய்டனோட தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட் முழுசா. ஆக சொந்தக்காரன் வாசிக்கிறதுக்கு நாலு வருஷம் முன்னாடி பக்கத்து வீட்டுக்காரன் வாசிச்சுட்டான்.

மழைரத்தம்
ட்ரீம் தியேட்டர் வாசிச்சா அதுல ஒரு நோட்டு கூட தப்பா இருக்காது, அதான் எனக்குப் பிரச்சன

சும்மாவந்தேன்
😂😂 இதுக்குத்தான் வந்தேன்

ஸ்டேஜ்லைட்_கோவை
நான் கச்சேரிகளுக்கு சவுண்டு, லைட்டு வேல பாக்குறவன், மெட்டல் ஷோ கொஞ்சம்தான் பண்ணிருக்கேன், லைட் மியூசிக் தான் நிறைய. ஆனா வேலைங்கற பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன், முழு ஆல்பம்னு சொன்னவுடனே ரசிகனுக்கு சந்தோஷம், மேடைக்குப் பின்னாடி இருக்கவனுக்குத் தலவலி. ஸ்டூடியோல ஒரு பாட்ட ஃபேடு பண்ணி முடிச்சிருப்பான், சாண்ட்மேன் அப்படித்தான், அன்ஃபர்கிவன் அப்படித்தான், ஓரியனும் சத்தம் குறைஞ்சு குறைஞ்சு கரையும். மேடைல கரைய முடியாது, எங்கயாச்சும் ஒரு இடத்துல டமார்னு நிறுத்தணும், அந்த முடிவ புதுசா உக்காந்து செய்யணும். எப்பவும் வாசிக்கிற ஹிட்டுக்கு அந்த முடிவு வருஷக்கணக்கா ரெடியா இருக்கும், தொடாத பாட்டுக்கு இருக்காது. அப்புறம் டேமேஜ் இங்க் ஆரம்பத்துல பேஸ ரெக்கார்டு பண்ணி டேப்ப திருப்பி ஓட்டி எடுத்த சத்தம், பேட்டரி முன்னாடி அடுக்கடுக்கா அகூஸ்டிக் கிட்டார், இதெல்லாம் ரெண்டு கிட்டார வச்சு நேர்ல வராது.

ட்யூனிங் இன்னொண்ணு. சேட் பட் ட்ரூ பெரும்பாலான மத்த பாட்ட விட ஒரு முழு ஸ்டெப் கீழ, ஸோ கிட்டார் மாத்தணும். கிட்டார் மாத்துற அந்த இருபது செகண்டுல மேடை இருட்டா இருக்கும், யாராச்சும் பேசணும் இல்லன்னா ட்ரம்மர் எதையாச்சும் தட்டணும். சாதா செட்லிஸ்ட்டுன்னா எங்க கிட்டார் மாத்தணும், எங்க தண்ணி குடிக்கணும், எங்க பாடுறவன் தொண்டைக்கு ரெஸ்ட்டுன்னு பாத்து அடுக்குவாங்க. முழு ஆல்பத்துல அந்தச் சுதந்திரம் கிடையாது, 1991ல யாரோ ஸ்டூடியோல முடிவு பண்ணத நீ 2012ல மேடைல அனுபவிக்கணும். தலைகீழா போட்டது அவங்களுக்குக் கிடைச்ச ஒரே சந்துன்னு நினைக்கிறேன்.

டவுன்பிக்கிங்_தம்பி
கோவை அண்ணே சூப்பர் போஸ்ட். தொண்டைன்னு சொன்னீங்கல்ல, கையவும் சேத்துக்கோங்க. மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் பாட்டு நிமிஷத்துக்கு 212 பீட்டு, வெர்ஸ் பூரா டவுன்ஸ்ட்ரோக், அதாவது பிக்க கீழ் நோக்கி மட்டும் அடிக்கணும். நான் ரூம்ல உக்காந்து முழுப்பாட்டு வாசிச்சா மணிக்கட்டு செத்துரும். பாடிக்கிட்டே கிட்டார் வாசிக்கிற ஹெட்ஃபீல்டு அதுக்கு முன்னாடி பேட்டரி முடிச்சுட்டு வர்றாரு, அப்புறம் டிஸ்போசபிள் ஹீரோஸ் இருக்கு, அது எட்டு நிமிஷம், அதுக்கு மேல பாடவும் செய்யணும். 1986ல 22 வயசு, 2006ல 42. வாழ்க.

பழையகேசட்
சரி இதெல்லாம் ஒத்துக்குறேன். ஆனா நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல. மாஸ்டர வரிசைப்படி வாசிக்க முடிஞ்சுது, பிளாக் ஆல்பத்த முடியல, அப்ப பிளாக் ஆல்பம் ஒரு ஆல்பமா பலவீனமானதுன்னு தான அர்த்தம்?

நிலா_பேஸ்
பலவீனம்னு இல்லண்ணா, சிடி காலத்து ஆல்பம். 62 நிமிஷம். எல்பில 40 நிமிஷத்துக்கு மேல போனா சவுண்டு கெடும்னு இருந்த பயம் போயிருச்சு, அதனால பின்பாதில இடம் இருக்குன்னு போட்டுக்கிட்டே போனாங்க. அந்தப் பின்பாதி சும்மா இல்ல. மை ஃப்ரெண்ட் ஆஃப் மிசரி அப்ப பேஸ் வாசிச்ச நியூஸ்டெட்டோட பேஸ் லைன்ல பொறந்த பாட்டு, முதல்ல பாட்டில்லாத பீஸாதான் இருக்கணும்னு நினைச்சாங்க, ஏன்னா அதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஆல்பத்துலயும் ஒரு இன்ஸ்ட்ருமென்டல் இருக்கும். அத மேடைல முழுசா கேக்க இந்த ஷோ வர வேண்டியிருந்துச்சு. ஸ்ட்ரகிள் விதின் 2012க்கு முன்னாடி மேடையே ஏறல, 21 வருஷம்! கோடிக்கணக்குல வித்த ஆல்பத்துல ஒரு பாட்டு இருபத்தோரு வருஷம் வெளிச்சம் பாக்காம கெடந்திருக்கு. தலைகீழா போட்டதால அது ஓப்பனிங் பாட்டு ஆச்சு. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு, கடைசி பெஞ்சுல உக்காந்தவன முதல் பெஞ்சுக்குக் கூட்டிட்டு வந்த மாதிரி.

மழைரத்தம்
எஸ்கேப்ங்கற பாட்டோட கதையும் அதேதான. ரைடு தி லைட்னிங் ஆல்பத்துல ரெக்கார்டு கம்பெனிக்காக எழுதினோம்னு அவங்களுக்கே பிடிக்காத பாட்டு, 1984ல இருந்து ஒரு தடவ கூட வாசிக்கல. 2012 ஜூன்ல அட்லாண்டிக் சிட்டில அவங்களே நடத்துன ஓரியன் ஃபெஸ்டிவல்ல அந்த ஆல்பத்த முழுசா வாசிச்சப்ப வேற வழியில்லாம வாசிச்சாங்க, 28 வருஷம் கழிச்சு. அங்கயும் வரிசை தலைகீழ்தான், ஆனா அந்த ஆல்பத்துக்கு தலைகீழ் அருமையா பொருந்தும் பாருங்க, கால் ஆஃப் க்துலூல மெதுவா ஏறி ஃபைட் ஃபயர் வித் ஃபயர்ல முடியும். நேரா போட்டா கடைசில ஒன்பது நிமிஷ இன்ஸ்ட்ருமென்டல், கூட்டம் எப்ப கத்துறதுன்னே தெரியாம நிக்கும். அடுத்த வருஷம் டெட்ராய்ட்ல கில் எம் ஆல் முழுசா, டெஹான்னு வேற பேர்ல ரகசியமா மேடை ஏறி வாசிச்சாங்க. அத வரிசைல வாசிச்சாங்க, ஹிட் தி லைட்ஸ் முதல்ல வரலன்னா அந்தப் பேருக்கே அர்த்தமில்ல.

சரி மெட்டாலிகா போதும். முழு ஆல்பம் ஷோன்னா உலகத்துல ஒரே ஆல்பம்தான் அதுக்குன்னே செஞ்சது. ஸ்லேயர், ரெய்ன் இன் பிளட், 1986. பத்து பாட்டு, 29 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும். கேசட்டுல ஒரே பக்கத்துல முழு ஆல்பமும் அடங்கிருச்சு, அதனால ரெண்டு பக்கமும் அதையே போட்டாங்க. ஏஞ்சல் ஆஃப் டெத்ல ஆரம்பம், போஸ்ட்மார்ட்டம் அப்படியே ரெய்னிங் பிளட்டுக்குள்ள ஓடி முடிவு. எதையும் திருப்ப வேணாம், எதையும் குறைக்க வேணாம். பழைய ட்ரம்மர் லொம்பார்டோ திரும்பி வந்த பிறகு 2003ல டூர்ல முழுசா வாசிச்சாங்க, 2004 ஜூலைல மெய்ன் மாகாணம் அகஸ்டால டிவிடிக்காக ஷூட் பண்ணப்ப கடைசி பாட்டுல மேல இருந்து செவப்பா மழை பெஞ்சுச்சு பாருங்க, நாலு பேரும் நனைஞ்சுக்கிட்டே வாசிக்கிறாங்க. 29 நிமிஷம்தான்ங்கறதால அதுக்கு முன்னாடி மத்த பாட்டெல்லாம் வாசிச்சு முடிச்சுட்டு கடைசில இத வைக்கலாம். பிளாக் ஆல்பத்துக்கு அந்த வசதி இல்ல, ஆல்பமே ஒரு மணி நேரம்.

ஸ்டேஜ்லைட்_கோவை
மேடைல எலக்ட்ரிக் கேபிள் ஓடுற இடத்துல மேல இருந்து தண்ணி ஊத்துறான், எனக்குப் பாக்கும்போதே வயித்தக் கலக்குச்சு

இரும்புக்கன்னி
இப்ப என் முறை. பழைய ஆல்பத்த முழுசா வாசிக்கிறது பாதுகாப்பான வேல, எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு. தைரியம்னா அயர்ன் மெய்டன் 2006. எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத் ஆகஸ்ட் கடைசில வருது, அக்டோபர்ல டூர் ஆரம்பிச்சு புது ஆல்பத்த ஒரு பாட்டு விடாம முழுசா, வரிசையா வாசிக்கிறாங்க. 72 நிமிஷம். பாதி கூட்டம் அந்த ஆல்பத்த இன்னும் சரியா கேட்டே முடிக்கல. நிறைய பேரு பழசு வேணும்னு கடுப்பானாங்க, உண்மதான். ஆனா அந்த ஆல்பம் பாட்டுங்கள நீளமா, மெதுவா ஏறி ஏறிப் போற மாதிரி எழுதுனது, பிச்சுப் பிச்சு வாசிச்சா அதோட வெயிட்டு தெரியாது.

2007 மார்ச்ல பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ்க்கு வந்தப்ப முழு ஆல்பத்த விட்டுட்டாங்க, பாதியா குறைச்சு நம்பர் ஆஃப் தி பீஸ்ட் 25வது வருஷம்னு பழசையும் கலந்து குடுத்தாங்க. அங்க வந்த கூட்டத்துக்கு அதுதான் சரி, முதல் தடவயா மெய்டன பாக்குறவன் கிட்ட போய் 72 நிமிஷம் புதுப்பாட்டுன்னா மைதானமே அழுதிருக்கும். ஆனா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு வருத்தம், தி லெகசி பாட்ட நேர்ல கேக்க முடியாமப் போச்சேன்னு.

டவுன்பிக்கிங்_தம்பி
அக்கா நீங்க 2007 பெங்களூர் போனீங்களா 😭 நான் அப்ப ஆறாங்கிளாஸ்

இரும்புக்கன்னி
தம்பி வயச நினைவுபடுத்தாத. கத்திக் கத்தி ரெண்டு நாள் பேச்சு வரல, வீட்டுல ஜலதோஷம்னு சொன்னேன்.

பழையகேசட்
எல்லாம் சரி, ஆனா மெய்டனும் வரிசைப்படிதான் வாசிச்சாங்க, ஸ்லேயரும் வரிசைப்படிதான். மெட்டாலிகா மட்டும்தான் திருப்பிப் போட்டது. என் கேள்வி அப்படியே நிக்குது. வரிசைங்கறது ஆல்பத்தோட ஒரு பாகம், அத மாத்தினா அது அந்த ஆல்பம் இல்ல, அந்த ஆல்பத்துல இருந்து பாட்டுங்க.

நிலா_பேஸ்
அண்ணா, ஜூடாஸ் ப்ரீஸ்ட்டோட பிரிட்டிஷ் ஸ்டீல் ஆல்பத்துல எது சரியான வரிசை?

பழையகேசட்
ஏன், பிரேக்கிங் தி லா முதல்ல, அப்புறம் ரேபிட் ஃபயர்

நிலா_பேஸ்
அது அமெரிக்காவுல வந்த எல்பி. இங்கிலாந்துல வந்ததுல ரேபிட் ஃபயர் முதல்ல, மெட்டல் காட்ஸ் ரெண்டாவது, பிரேக்கிங் தி லா மூணாவது. அமெரிக்க எல்பில லிவிங் ஆஃப்டர் மிட்நைட்டையும் முன்னாடி இழுத்து விட்டிருப்பாங்க. ஒரே ஆல்பம், ஒரே 1980, ரெண்டு நாட்டுல ரெண்டு வரிசை. 2009ல ஜூடாஸ் ப்ரீஸ்ட் அமெரிக்காவுல டூர் பண்ணி அந்த ஆல்பத்த முழுசா வாசிச்சப்ப இங்கிலாந்து வரிசைலதான் வாசிச்சாங்க. ஆக 29 வருஷமா வீட்டுல பிரேக்கிங் தி லாவ முதல்ல கேட்டு வளந்த அமெரிக்கக்காரனுக்கு அந்த ஷோவே வரிசை மாறின ஷோதான். அவன் ஆல்பம் வாசிக்கலன்னு சொல்லுவானா?

சும்மாவந்தேன்
ஐயோ அண்ணே செக்மேட்

பழையகேசட்
இரும்மா இரு. அது பேண்டு நினைச்ச வரிசை ஒண்ணு, கம்பெனிக்காரன் விக்கிறதுக்காக மாத்தின வரிசை ஒண்ணு. ப்ரீஸ்ட் மேடைல தங்களோட வரிசைய வாசிச்சாங்க, அது என் பக்கத்துக்குத்தான் சாதகம். மெட்டாலிகா தங்களோட வரிசையையே திருப்பிப் போட்டாங்க. ரெண்டும் ஒண்ணில்ல.

ஸ்டேஜ்லைட்_கோவை
அண்ணன் விடமாட்டாரு 😄 ஆனா பாயிண்டு பாயிண்டுதான்.

மழைரத்தம்
கத சொல்ற ஆல்பத்துக்கு வேணும்னா நீங்க சொல்றது சரிண்ணே. குயின்ஸ்ரைக் பேண்டோட ஆபரேஷன் மைண்ட்கிரைம் இருக்கு, 1988. நிக்கி, டாக்டர் எக்ஸ், சிஸ்டர் மேரின்னு ஒரு முழுக் கத. 1990-91 டூர்ல முழுசா வாசிச்சாங்க, பின்னாடி திரைல படம், மேரி பாட்டுக்கு பமேலா மூரே மேடைக்கு வந்து பாடினாங்க. அதப் போய் திருப்ப முடியாது, மேரி முதல்ல செத்துட்டு அப்புறம் அறிமுகம் ஆவாங்க. பிளாக் ஆல்பத்துல என்ன கத? ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் சம்பந்தமே கிடையாது.

டவுன்பிக்கிங்_தம்பி
சம்பந்தம் இல்லன்னாலும் உணர்ச்சி ஏத்த இறக்கம் இருக்குல்ல. நான் நேத்து நைட்டு இந்த இழை படிச்சுட்டு போன்ல பிளேலிஸ்ட்ட திருப்பிப் போட்டு முழுசா கேட்டேன், பஸ்ல. ஒண்ணு கவனிச்சேன், திருப்பினா நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ் அஞ்சாவது, அன்ஃபர்கிவன் ஒன்பதாவது, ரெண்டு ஸ்லோ பாட்டும் சரியா மூச்சு வாங்குற இடத்துல வந்து உக்காருது. கடைசி நாலு பாட்டு அன்ஃபர்கிவன், ஹோலியர், சேட் பட் ட்ரூ, சாண்ட்மேன். இதவிட ஒரு ஃபினிஷ் எவனாலயும் எழுத முடியாது. 2021ல அமெரிக்காவுல மறுபடி அந்த ஆல்பத்த முழுசா எடுத்தப்பவும் தலைகீழாதான் போனாங்க, ஆக அவங்களுக்கும் அது பிடிச்சிருச்சு. ஆனா ஹெட்ஃபோன்ல எனக்குப் பிடிக்கல, இது உண்ம. ஸ்ட்ரகிள் விதின்ல ஆரம்பிச்சா ஏதோ படத்துக்கு லேட்டா போய் நடுவுல உக்காந்த ஃபீலிங்.

பழையகேசட்
ஹெட்ஃபோன்ல பிடிக்கலன்னு சொன்னியே, போதும்டா தம்பி, எனக்கு அது போதும்.

இரும்புக்கன்னி
அண்ணே வெற்றி கொண்டாட வேணாம், அவன் மேடைக்கு அதுதான் சரின்னும் சேத்து சொல்லிருக்கான்.

வேற ஒண்ணு கேக்குறேன். நாலு ஆல்பம் முழுசா வாசிச்சாச்சு. ஆண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல் மட்டும் ஏன் விட்டு வச்சிருக்காங்க?

மழைரத்தம்
தனித்தனியா எல்லாப் பாட்டும் மேடை ஏறிருச்சு. டயர்ஸ் ஈவ் 2004ல, டு லிவ் இஸ் டு டை 2011 டிசம்பர் ஃபில்மோர் அரங்கத்துல, ஃப்ரேய்டு எண்ட்ஸ் 2014ல ஹெல்சிங்கில, அது ரசிகர்கள் ஓட்டுப் போட்டு செட்லிஸ்ட் முடிவு பண்ண டூர். ஒரே நைட்டுல ஒம்பதும் சேத்து மட்டும் வாசிக்கல. 65 நிமிஷம், ஒவ்வொரு பாட்டும் நாலு பாட்டோட ரிஃப்ப ஒண்ணா கட்டின மாதிரி. முடிவுல டயர்ஸ் ஈவ், ரெண்டு காலாலயும் அடிக்கிற டபுள் பேஸ் ட்ரம். ட்ரம்மர் லார்ஸ் 1963ல பொறந்தவரு, நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

பழையகேசட்
அத வாசிச்சா வரிசைலதான் வாசிக்கணும். பிளாக்கன்ட்ல ஆரம்பம், டயர்ஸ் ஈவ்ல முடிவு. அத மட்டும் திருப்பினா நான் இந்த இசையையே விட்டுருவேன்.

டவுன்பிக்கிங்_தம்பி
நாலாவது பாட்டே ஒன், அதுக்கப்புறம் அஞ்சு பாட்டு பாக்கி இருக்கு. கண்டிப்பா திருப்புவாங்க அண்ணே 😂

நிலா_பேஸ்
நேரா வாசிச்சாலும் சரி, திருப்பி வாசிச்சாலும் சரி, வாசிச்சா போதும். மிக்ஸ்ல பேஸே கேக்காத அந்த ஆல்பத்துல பேஸ் வாசிச்சிருக்காங்கன்னு அன்னிக்குத்தான் ஊருக்கே தெரியும்.